நியமமும் அன்பும்

மெய்யன்பர் பல்லாயிரவர் பௌர்ணமிதோறும் மலைவலம் வரும் இத்திருவண்ணாமலையிலும், தீக்கை பெற்றபின் நித்தியாநுட்டானத்தை நெகிழவிட்டு, 'அன்பே அமையும். நியமம் புறத்தது' என்பார் உளர். அவர் கல்லாதாரல்லர், நாயன்மார் சரிதங்களை மேற்கோள் காட்டவும் வல்லர். ஆதலின் அக்கூற்று ஆராயற்பாலது. அதற்கு வேற்றுச் சமயத்தார் ஒருசாரார் வரலாறு பெரிதும் துணைபுரியுமாகலின், அதனை முற்கூறுவாம்.

யூத சமயத்தார் தம் வேதவிதிகளை 613 என எண்ணுப. ஆண்மகன் 13 ஆண்டும், பெண்மகள் 12 ஆண்டும் நிரம்பியவுடன் தத்தமக்குரிய விதிகளுக்குக் கடப்பாடுடையர் ஆவர். நமக்குத் தீக்கையான் வருங் கடன் அவர்க்குப் பிறப்பான் வருகின்றது. தான் விரும்பி ஏலாத கடன் ஒருவற்குத் தன்னதாதல் யாங்ஙனம்?

கொங்கணக் கரையில், இந்நாளில் இராய்கட் எனப்படும் மாவட்டத்து ஊர்களில், பெனே இசுரவேலர் என்னும் யூதர் பன்னெடுங்காலம் வாழ்ந்தனர். மரக்கலம் உடைந்து கரையேறிய ஏழு இணையரின் வழியினர் தாம் என்பது அவர்தம் செவிவழிச் செய்தி. ஏனை யூதரொடு தொடர்பற்று, எபிரேய நூல்களை இழந்து, மராத்திய மொழியே பேசிச் செக்காட்டிப் பிழைத்தனர். இறைவன் ஒருவனே என்னும் பொருளுடைய எபிரேய வாக்கியம் ஒன்று மட்டும் நாவில் எஞ்சிற்று. சடங்குதோறும் அதனையே ஓதினர். ஆயினும் வெள்ளிக்கிழமை ஞாயிறு பட்டது முதல் சனிக்கிழமை ஞாயிறு படுமளவும் செக்கினைத் தீண்டார். அதுபற்றி அயலார் அவரைச் 'சனிவார் தேலி' என்றனர். சனிக்கிழமை வாணியர் என்பது பொருள். பிற்காலத்துத் தாவீது இரகாபி என்னும் யூதர் ஒருவர் வந்து, அவர்தம் மகளிரிடம் பலவகை மீன்களைக் கொடுப்ப, செதிலும் துடுப்பும் இல்லாதவற்றை அவர் ஒதுக்கக் கண்டு, தம்மினத்தாரே எனத் துணிந்தார் என்பர். மீன்கதை சைவர் செவிக்கு உவப்பாகாது. ஈண்டு நோக்கற்பாலது மீனன்று, ஒதுக்கிய கையே.

பொருளறியாது செய்தது வெறும் பழக்கமன்றோ எனின், அற்றன்று. பழக்கம் எளியவழிச் செல்வது. அயலான் செக்கு ஓடும் ஒலி கேட்டிருந்தும் தன் மாட்டை அவிழ்த்துவிட்டு, ஒருநாள் ஊதியத்தை வாரந்தோறும் இழப்பது எளிதன்று. அவரைக் கண்டித்தற்கு அங்கே குருமாரும் இலர். கற்பித்தற்கு நூலும் இல்லை. பிறப்பான் வந்த கடனை அவர் சனிக்கிழமைதோறும் தாமே மீள ஏற்றனர் என்றே கொள்க.

திருவொற்றியூரில் அதே தொழிலுடைய கலியநாயனார், எவரும் ஏவாதிருக்கவும் திருவிளக்குத் தொண்டு மேற்கொண்டார். பொருள் தொலைந்தபின் கூலிக்குச் செக்காடினார். அதுவும் முட்டியவழித் தம் மிடற்றை அரியப் புகுந்தார். உள்ளத்தே ஏற்றினேம் என்று அமைந்தாரல்லர்.

பூசலார் உள்ளத்தே கோயில் எடுத்திலரோ எனின், எடுத்தார். அங்ஙனம் எடுத்தவர் ஆகம விதி வழுவாது, கல்லும் தச்சரும் நினைவினாற் கூட்டி, கண்துயிலாது முடித்து, தாபனத்திற்கு நாளும் குறித்தார். அகப்பூசை நியமம் நீங்கியதென்பார் அவர் சரிதத்தை முழுதும் படித்திலர்.

ஏவப்படாது செய்வானினும் ஏவப்பட்டுச் செய்வான் மேலானவன் என்று யூத ஆசிரியர் ஒருவர் கருதினார். முதற்கண் இது முறைமாறியதுபோலத் தோன்றும். விரும்பியபோது செய்வான்மாட்டு 'யான்' என்னும் முனைப்பு விருப்பத்தின் உருவில் நிலைத்து நிற்கும். விருப்பமில்லாத நாளினும் செய்வான் அதனொடு பொருகின்றான். சிவஞானபோதம் பத்தாம் சூத்திரத்து இறைபணி நிற்றலை மலவலி நீங்கும் வாயிலாக வைத்ததும், பன்னிரண்டாம் சூத்திரத்துச் சீவன்முத்தர்க்கும் வழிபாடு விதித்ததும் ஈண்டு ஒப்புநோக்கத்தக்கன. ஞானிக்கே நீங்காத வழிபாடு நம்மனோர்க்கு எங்ஙனம் புறத்ததாம்?

விதி கொடிதன்று. உயிர்க்கு இடையூறு நேருமேல் ஓய்வுநாள் விதியைக் கடந்தும் காக்கவேண்டும் என்பது யூதர் துணிபு. நம் நூல்களும் நோயுற்றார்க்கு இரங்கி வழிகூறும். மனமின்மை அவ்விலக்குகளுள் ஒன்றாக இருசாரார் நூலினும் இல்லை.

பெனே இசுரவேலருட் பலர் 1948இன் பின் இசுரவேல் நாடு புக்கனர். அவர்தம் மணவுறவு பற்றி ஆண்டைக் குருமார் சிலர் ஐயுற்றனர்; 1964இல் முழு யூதரே என உடன்பட்டனர். நூல் நிரம்பியோர் ஐயுற்றது, நூலின்றியும் விரதம் காத்தோரை.

நியமம் விடுத்தோர் மீளத் தொடங்குதற்கு அகோரமந்திர செபம் முதலிய கழுவாய்கள் சைவப் பத்ததிகளுள் விதிக்கப்பட்டுள. இத்துணை நாள் விடுத்தார்க்கு இத்துணை உரு என்பதனைத் தத்தம் ஆசாரியர்பாற் கேட்டறிக.