கொடுக்கப்படாத பொருளும் பழம்பொருட் கடையும்

வைகாசிப் பௌர்ணமிக்கு மூன்று நாள் இருக்கையில், மைசூரில் எமது சங்கத்தைச் சேர்ந்த இளம் உபாசகர் ஒருவர் துணியிற் சுற்றிய பொருளொன்றை எம்மிடம் கொண்டுவந்தார். அவிழ்த்துப் பார்த்தோம். கருங்கல்லில் வடித்த பகவன் புத்தரின் தலை. மூக்கு நுனி சிதைந்திருந்தது. சுருள்முடியும் நீண்ட செவிகளும் கெடாமல் இருந்தன. கழுத்துக்குக் கீழே ஒன்றுமில்லை. நகரத்துப் பழம்பொருட் கடையொன்றில் எண்ணாயிரம் ரூபாய்க்கு வாங்கியதாகச் சொன்னார். அது அவருடைய அரைமாதச் சம்பளம்.

"ஐயா, பௌர்ணமியன்று இதைப் பீடத்தில் வைத்து மலர் தூவலாமா?" என்று கேட்டார்.

எமது சங்கத்தில் சட்டமிட்ட படம் ஒன்றுதான் உண்டு. கற்சிலை வேண்டுமென்று பல்லாண்டுகளாகப் பேசிவருகிறோம், பணம் சேர்ந்தபாடில்லை. ஆகவே, "ஆகட்டும் தம்பி" என்று சொல்லிவிட்டோம். சொன்ன வாய் மூடுமுன்னே எமது கண் கழுத்தின் வெட்டுவாயிற் சென்று தைத்தது. முகமெல்லாம் காலத்தாற் கறுத்திருக்க, அந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது. அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள் அந்தக் கடைக்குச் சென்றோம். இத்தகைய கடைகள் மைசூரிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பெருகிவிட்டன. பித்தளைக் குத்துவிளக்கு, மரப்படி, உழக்கு, இராகி அரைக்கும் திரிகை, இடித்த கிராமத்து வீட்டின் கதவுநிலை, இரயில்வே கைவிளக்கு, நின்றுபோன சுவர்க்கடிகாரம் என்று ஒரு நாட்டின் வாழ்வே அங்கே விலைச்சீட்டுடன் கிடக்கிறது. தலை எங்கிருந்து வந்தது என்று கடைக்காரரைக் கேட்டோம். "எங்கோ ஒரு வயலில் கிடந்தது, யாருக்கும் வேண்டாத பொருள்" என்றார். எந்த ஊர் வயல் என்றதற்கு விடையில்லை.

காட்சிசாலைக்கும் கடைக்கும் உள்ள வேற்றுமை இங்கேதான் இருக்கிறது. மானசகங்கோத்திரியில் ஜெயலட்சுமி விலாச மாளிகையில் மைசூர்ப் பல்கலைக்கழகத்தார் 1968இல் ஒரு நாட்டாரியல் காட்சிசாலையை அமைத்தார்கள். இளமையில் யாம் அதைக் கண்டபோது, தோற்பாவைகளையும் உழவுக் கருவிகளையும் பார்த்து, ஏழையின் பொருளுக்கும் அரண்மனையில் இடம் கிடைத்ததே என்று மகிழ்ந்தோம். காட்சிசாலைப் பொருள் தன் ஊரையும் பேரையும் இழக்காமல் இருக்க முயல்கிறது. கடைப்பொருளோ ஊரையும் பேரையும் இழந்தால்தான் விலைபோகிறது. காட்சிசாலைகளும் முற்றிலும் குற்றமற்றவையல்ல. மைசூர்க் கீழ்த்திசை நூலகத்தில் 1905இல் அறிஞர் சாம சாஸ்திரியார் அர்த்தசாஸ்திரச் சுவடியைக் கண்டறிந்து 1909இல் அச்சிட்டார், உலகம் வியந்தது. அச்சுவடியைக் கொண்டுவந்து கொடுத்தவர் தஞ்சைப் பகுதிப் பண்டிதர் ஒருவர் என்பதோடு அவர் கதை முடிந்துவிடுகிறது. கண்டவருக்குப் புகழ், கொடுத்தவருக்குப் பெயருமில்லை. எனினும் அது கொடுக்கப்பட்ட பொருள். அது போதும்.

இனி எமது வினாவுக்கு வருவோம். பஞ்சசீலத்தில் இரண்டாவது, கொடுக்கப்படாததை எடுக்காதிருத்தல். திருடாதிருத்தல் என்று சுருக்கிச் சொல்வது வழக்கமாயினும், பகவனின் சொல் அதனினும் அகலமானது. யாருடையதென்று கேட்பதோடு நில்லாமல், கொடுக்கப்பட்டதா என்றும் அது கேட்கிறது. கடைக்காரரோ ஒரே சொல்லில் எம்மை விடுவித்துவிட்டார்: யாருக்கும் வேண்டாத பொருள். அப்படியானால் அது பாம்சுகூலம் அல்லவா? குப்பையிலும் சுடுகாட்டிலும் எறியப்பட்ட துணியைப் பொறுக்கித் தைத்து உடுத்தலாம் என்று பிக்குகளுக்குப் பகவனே அனுமதி தந்திருக்கிறார். வயலிற் கிடந்த தலையும் அத்தகையதுதானே என்று எமது மனமும் ஆசையால் வாதாடியது.

விநய பிடகத்தில் தனியர் என்னும் பிக்குவின் வரலாறு உண்டு. குயவர் குலத்தில் பிறந்தவர். குடில் கட்ட வேண்டி, அரசனின் மரக்கிடங்கிலிருந்து மரங்களை எடுத்துச் சென்றார். பிம்பிசார மன்னன் அழைத்துக் கேட்டபோது, "முடிசூடிய நாளில், புல்லும் மரமும் நீரும் துறவிகளுக்குத் தந்தேன் என்று தாங்களே சொன்னீர்களே" என்றார். மன்னன் சினந்தானில்லை. நான் சொன்னது காட்டில் உடைமையாளர் இன்றிக் கிடப்பதைப் பற்றி, அதுவும் நாணமுள்ள துறவிகளுக்கு, என்று விளக்கி அவரை விடுவித்தான். இந்நிகழ்ச்சியை முன்னிட்டே பகவன் களவைப் பற்றிய விதியை வகுத்தார். மரம் அதே மரந்தான். காட்டில் நின்றால் ஒருவருடையதுமன்று, கிடங்கில் அடுக்கினால் காவலுக்குட்பட்டது. தனியர் பொய் சொல்லவில்லை. தமக்கு வசதியான இடத்தில் ஒரு சொல்லை நிறுத்திக்கொண்டார். யாமும் அதைத்தான் செய்தோம்.

அதே விநயத்தில் இன்னொரு செய்தி எம்மை நெடுநாள் அச்சுறுத்தியிருக்கிறது. ஒரு பிக்கு சுடுகாட்டில் இன்னும் சிதையாத பிணத்தின் மேலிருந்த துணியை எடுக்கிறார். அவ்வுடலில் தங்கியிருந்த பிரேதம், "ஐயா, என் துணியை எடுக்காதீர்" என்கிறது. அவர் கேளாமற் செல்கிறார். பிணம் எழுந்து பின்தொடர்கிறது. அவர் விகாரத்துட் புகுந்து கதவைச் சாத்த, அது வாசலிலேயே விழுகிறது. அவர் செய்தது பெருங்குற்றமன்று எனத் தீர்த்தாலும், சிதையாத உடலினின்று துணியை எடுக்கலாகாது என்று பகவன் விதித்தார். பேயுண்டா இல்லையா என்பது வேறு பேச்சு. ஆலைத் தொழிலாளியாயிருந்து நூல் கற்ற யாம் அதில் இறங்கமாட்டோம். யாம் கொண்ட பொருள் இதுவே: எறியப்பட்டதாகத் தோன்றுவதெல்லாம் எறியப்பட்டதன்று. அதைப் பற்றிக்கொண்டிருக்கும் ஒன்று இன்னும் உள்ளே இருக்கக்கூடும்.

சேலம் மாவட்டம் பெரியேரியில் மக்கள் தலைவெட்டி முனியப்பன் என்று ஒரு சிலையை வழிபட்டு வந்தார்கள். அது புத்தர் சிலையென்று 2011இல் வழக்குத் தொடரப்பட்டது. தொல்லியல் துறையினர் ஆய்ந்து, தாமரைப் பீடம், தியான முத்திரை, சுருள்முடி, நீண்ட செவி முதலிய அடையாளங்களைக் கண்டனர்; வெட்டுண்ட தலை சிமெண்டுக் கலவையால் ஒட்டப்பட்டிருந்ததையும் கண்டனர். 2022 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அது புத்தர் சிலையே எனத் தீர்ப்பளித்து, இடத்தைத் தொல்லியல் துறையின் பொறுப்பில் விட்டது. அன்று நம்மவர் பலர் இனிப்பு வழங்கினோம். அயோத்திதாசப் பண்டிதர் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே எழுதிய பழைய வரலாறு நீதிமன்றத்தில் மெய்யானது போல் இருந்தது.

அந்த மகிழ்ச்சியை யாம் திரும்பப் பெறவில்லை. ஆனால் அவ்வூரில் விளக்கேற்றிய கிழவியைப் பற்றி யாம் அன்று நினைக்கவில்லை. பெயரை மறந்தாள், எண்ணெயை மறக்கவில்லை. வெட்டுண்ட தலையைக் கழுத்தின்மேல் ஒட்டிவைத்த கைகளும் அப்படிப்பட்ட கைகளாகத்தான் இருக்கவேண்டும். பெயரறியாமற் பேணிய அக்கையை, பெயரறிந்து வெட்டி விற்கும் கையோடு சேர்த்து எண்ணலாமோ? எமது இளைஞர் வாங்கிவந்த தலைக்கும் எங்கோ ஓர் உடல் இருக்கும். அவ்வுடலின் முன்னே எந்தக் கிழவி நின்று திகைத்தாளோ!

சங்கத்து மூத்தோர் ஒருவர் மறுத்துரைத்தார். "நாம் வாங்காவிட்டால் ஒரு பணக்காரர் வாங்கி, மது அருந்தும் அறையில் அலங்காரமாக வைப்பார். மீட்பது களவாகுமா?" இவ்வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. பிப்ராவா ஸ்தூபத்தில் 1898இல் வில்லியம் பெப்பே என்பவர் பகவனின் அஸ்தியோடு கண்டெடுத்த மணிகளில் ஒரு பகுதி அவர் குடும்பத்தாரிடமே இருந்தது. 2025 மே மாதம் அவற்றை ஹாங்காங்கில் ஏலம்விட ஏற்பாடாயிற்று. இந்திய அரசு எதிர்த்தது, பௌத்த உலகமும் குரலெழுப்பியது, ஏலம் நின்றது. ஜூலையில் கோத்ரெஜ் குழுமத்தார் வாங்க, மணிகள் தாய்நாடு திரும்பின. யாமும் கைகூப்பினோம். அஸ்தியோடு காணிக்கையாக வைத்தவர்கள் அதைப் பூமிக்குக் கொடுத்தார்களேயன்றி, தோண்டியவருக்குக் கொடுக்கவில்லை. அப்படியிருக்க மீட்பதற்கும் பணம் தேவைப்பட்டது என்னும் முள் மட்டும் நெஞ்சில் நின்றது.

எனினும் அந்த மீட்பு உலகறிய நடந்தது. எங்கே கிடைத்தது, யாரிடம் இருந்தது என்பதெல்லாம் ஏட்டில் உண்டு. எமது தலைக்கு ஏடில்லை, இரசீதுமில்லை. நூறாண்டுக்கு மேற்பட்ட பழம்பொருளை விற்போர் உரிமம் பெறவேண்டும் என்று 1972ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. இத்தகைய சிலைகளைப் பதிவு செய்வதற்கும் அதில் விதியுண்டு. ஒருகால் அந்தத் தலை போன ஆண்டு செதுக்கிப் புகையூட்டிய புதுக்கல்லாகவும் இருக்கலாம். அப்படியானால் களவில்லை, பொய் உண்டு. இரண்டில் எதுவாயினும் எமது எண்ணாயிரம் ரூபாய் அடுத்த உளிக்குக் கூலியாகிவிட்டது. மீட்கிறோம் என்று வாங்குவோர் எவரும் அடுத்த தலைக்கு விலை வைத்துவிட்டே வருகிறார்கள்.

இதையெல்லாம் இளைஞருக்குச் சொல்ல எமக்கு வாயில்லாதிருந்த காரணத்தையும் எழுதவேண்டும். அந்தக் கடையின் மூலையில் ஒரு கூடை நிறைய மரப் பாபின்கள் இருந்தன. நூற்பாலைப் பாபின்கள். பூச்செண்டு செருக அழகாயிருக்கும் என்று கடைக்காரர் எடுத்துக் காட்டினார். ஒன்று நூற்றைம்பது ரூபாய். எமது கை அதன் தேய்ந்த அடியை உடனே அறிந்துகொண்டது. யாம் வேலைபார்த்த ஆலை மூடப்பட்ட நாளில், நிலுவைக் கூலி கிடையாதென்று தெரிந்த அந்த மாலையில், ஒரு பாபினைச் சாப்பாட்டுப் பையில் இட்டு வாயிற்காவலரைக் கடந்து வந்தோம். பிறகு சீலம் ஏற்றோம், உபதேசம் செய்தோம். அந்தப் பாபின் இன்றும் எமது மேசைமேல் இருக்கிறது. யாருக்கும் வேண்டாத பொருள் என்று யாமும் அன்று சொல்லிக்கொண்டோம்.

பௌர்ணமிக்கு முந்திய நாள் இளைஞரை அழைத்து எல்லாம் சொன்னோம், பாபின் உட்பட. அவர் நெடுநேரம் தலைகுனிந்திருந்தார். தொல்லியல் துறைக்கு எழுதிக் கொடுத்தால் தலை ஓர் எண்ணைத் தாங்கிக் கிடங்கின் இருளில் இருக்குமே என்று கண் கலங்கினார். இருக்கலாம் என்றோம், வேறு சொல்ல எமக்குத் தெரியவில்லை. அதற்குரிய உடல் எங்கேனும் கிடைத்தால், அந்த எண் இருந்தாலன்றோ தலையைத் தேட முடியும் என்று பிறகு அவரே சொன்னார். அரசின் தொல்லியல் அலுவலகம் மைசூரிலேயே இருக்கிறது. கடையின் பெயரையும் வாங்கிய நாளையும் குறித்துக் கடிதம் எழுதினோம், அவரே கையொப்பமிட்டார்.

பௌர்ணமியன்று வழக்கம்போல் படத்தின் முன்னேதான் மலர் தூவினோம். தலை பக்கத்து அறையில் வெள்ளைத் துணியால் மூடியிருந்தது. எல்லாரும் சென்றபின் இளைஞர் எம்மிடம் வந்து, "ஐயா, பாபினை யாரிடம் கொடுப்பீர்கள்?" என்று கேட்டார். ஆலை நின்ற இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள் எழுந்துவிட்டன. முதலாளியும் இல்லை, அன்று வாயிலில் நின்ற காவலரும் இல்லை. எமக்கு விடை தெரியவில்லை என்று சொன்னோம்.