பேரக் குழவி யாருடைமை?

முதுமை வந்தடைந்த ஒருவன் உலகப் பற்றுக்களை ஒவ்வொன்றாக நெகிழவிடுதல் வேண்டுமென்பது நம் முன்னோர் கொள்கை. பொருளீட்டும் முயற்சி ஒழிகின்றது. மக்கள் தத்தம் இல்லறத்தில் அமர்கின்றனர். கண்ணும் செவியும் தாமே அடங்குகின்றன. அக்காலத்தே, முன்னில்லாத புதியதொரு பற்றுப் பேரக் குழவி வடிவில் வந்து நெஞ்சை வளைத்துக்கொள்கின்றது. தம் மக்களை எடுத்தணைத்தற்கும் பொழுதின்றி உழைத்தவர், பேரக் குழவியின் அழுகையொலி கேட்ட அளவில் எழுந்து ஓடுகின்றனர். இது வீட்டுநெறிக்குத் தடையாகிய பாசமோ, அன்றி உயிர்க்கு உறுதிபயக்கும் அன்போ? எமது 64ஆம் அகவையில், சென்ற தைத் திங்களில், எம் மகள் வயிற்றில் முதற் பெயர்த்தி பிறந்தனள். அதுமுதல் இவ்வினா எம்மை விட்டகன்றிலது. ஆகலின் அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

இதனைப் பாசமென்றே ஒதுக்குவார் சடபரதர் வரலாற்றை எடுத்துக்காட்டுவர். அரசு துறந்து தவமிருந்த பரதர், ஆற்றில் மிதந்துவந்த தாயற்ற மான்கன்றொன்றை எடுத்து வளர்த்து, இறுதிக்காலத்தும் அதனையே நினைந்தமையால் மானாய்ப் பிறந்தனரென்பது பாகவதம் கூறும் கதை. மான்கன்றே அவ்வாறு பிணிக்குமாயின், மகளின் மகவு பிணியாதோ என்பது அவர் கேள்வி. கேள்வி தக்கதே. ஆயினும் அக்கன்றை எடுத்துக் காத்தமை குற்றமாகுமோ? காவாது விட்டிருப்பின் அதுவே கொடுமையாம். காத்தது அருள்; 'இஃது என்னுடையது, யானின்றி இதற்கு வாழ்வில்லை' என்று கருதியது பற்று. அவரைப் பிணித்தது எனதென்னும் எண்ணமே. சித்தாந்த நூல்கள் யான், எனது என்னும் இருவகைச் செருக்கையும் களையவேண்டுமென்றன. அன்பைக் களையவேண்டுமென்று யாண்டும் கூறிற்றில.

அற்றேல், பேரக் குழவியை எமதென்றல் பொருந்துமோவெனின், பொருந்தாது. என்னை? உயிர் அநாதி, அதனைத் தாய்தந்தையர் படைத்திலர். அவ்வுயிர்க்கு அதன் வினைக்கீடாக இறைவன் கூட்டிய உடம்பே தாய்தந்தையர் வாயிலாக வந்தது. பாட்டனோ அவ்வாயிலுக்கும் ஒருபடி புறத்தே நிற்பவன். இன்னுமொன்று நோக்குக. 64 ஆண்டென்பதும் 10 நாளென்பதும் உடம்பிற்குரிய கணக்கு. உயிரளவில் பாட்டனும் பெயர்த்தியும் ஒத்த பழமையரே. தொட்டிலிற் கிடப்பது, நெடுவழி நடந்து இன்று நம் மனைக்கு வந்துள்ள விருந்தென்று அறிதல் வேண்டும்.

இவ்வுண்மை ஏட்டில் எளிது, மனையகத்தே அரிது. அது மூன்றிடங்களிற் சோதிக்கப்படுகின்றது. முதலாவது, ஆணோ பெண்ணோ என்னும் செய்தி வரும் இடம். குடிவிளங்க ஓர் ஆண்மகவு வேண்டுமென்று காத்திருந்த முதியோர் சிலர், பெண்ணென்று கேட்டவுடன் முகம் வாடுகின்றனர். மகவீன்ற களைப்பிற் கிடக்கும் தாய் அவ்வாட்டத்தைக் காணாதிருப்பளோ? கண்டபின் அவள் வாழ்நாள் முழுதும் மறப்பளோ? உயிர்க்கு ஆண் பெண் என்னும் வேறுபாடில்லையென்று மேடையில் உரைக்கும் நம்மனோர், அந்நேரத்தே முகம் மலர்ந்து நிற்பரேல், அவர் கற்றது கல்வியாம்.

இரண்டாவது, பெயரிடுமிடம். பாட்டன் பெயரைத் தாங்குதலாற் பெயரன் என்னும் சொல் பிறந்தது. முன்னோரை நினைதற்கு அது நல்ல வழக்கே. எனினும் தந்தைவழிப் பெயரோ தாய்வழிப் பெயரோ என்று இரு குடும்பத்தாரும் வழக்கிடுங்கால், ஆண்டு நாடப்படுவது தம் பெயர் தமக்குப்பின் நிற்றலேயன்றிக் குழவியின் நலமன்று. அப்பூதியடிகள், தாம் அதுகாறும் நேரிற் கண்டிராத திருநாவுக்கரசர் பெயரையே மூத்த மகற்கும் இளைய மகற்கும் இட்டனரென்பது பெரியபுராணத்தால் அறியப்படும். பெயரை உடைமைக்குறியாகக் கொள்ளாத உள்ளம் அங்கே விளங்குகின்றது. எம் பெயர்த்திக்கு அவள் பெற்றோர் தேர்ந்த பெயர் இரு குடியிலும் முன்பு வழங்கியதன்று. அதனை அவள் செவியில் மும்முறை மகிழ்ந்தே ஓதினேம்.

மூன்றாவது, வளர்க்குமிடம். பிறந்த குழவியின் நாவில் குடும்பத்து மூத்தார் ஒருவர் சர்க்கரைநீரோ தேனோ தொட்டுவைத்தலைச் சேனை வைத்தலென்பர்; வைத்தவர் குணம் குழவிக்கு வருமென்பது நம்பிக்கை. முதல் ஆறு திங்களும் தாய்ப்பாலே போதுமென்றும், ஓராண்டு நிரம்பாத குழவிக்குத் தேன் கொடுத்தலாகாதென்றும், அதில் ஒரோவழி இருக்கும் நுண்ணுயிர் குழவியின் குடலில் நஞ்சு விளைக்குமென்றும் இக்கால மருத்துவர் அறிவுறுத்துகின்றனர். அது கேட்டும், 'நாங்கள் பெற்ற பிள்ளைகள் வளரவில்லையா?' என்று வற்புறுத்துதல் அன்பின்பாற்படாது. நம் குணம் குழவிக்கு வருதல் வேண்டுமென்னும் ஆசைதானும் எனதென்னும் செருக்கின் கிளையே. குழவியின் நலங்கருதிக் கையை மடக்கிக்கொள்ளும் பாட்டியே மெய்யாக அன்புடையவள்.

அங்ஙனமாயின் முதியோர் ஒதுங்கியிருத்தல் வேண்டுமோவெனின், அற்றன்று. விருந்தென்று அறிந்தவனே நன்கு ஓம்புவான். ஈன்றவள் உறங்கத் தாம் விழித்திருந்து குழவியை ஏந்துதல், தாலாட்டுதல், பேசத்தொடங்குங்கால் நல்ல தமிழைக் கேட்பித்தல், கதை சொல்லுதல் ஆகிய இவையெல்லாம் முதியோர் கடன். மகவு தொலைநாட்டிற் பிறந்து கைப்பேசித் திரையில் மட்டும் காணப்படினும் இக்கடன் நீங்காது. அழைப்பு வாராத நாளில் 'எம்மை மறந்தனர்' என்று குறைகூறாதிருத்தலும் அக்கடனின் பகுதியேயாம். மேலும், தந்தைக்கு மகவினிடம் எதிர்பார்ப்புப் பல உள. அது கற்றல் வேண்டும், பொருளீட்டல் வேண்டும், முதுமையில் தன்னைக் காத்தல் வேண்டும் என்று கருதுகின்றான். பாட்டற்கோ அப்பயன் கொள்ளும் காலம் இல்லை. பனங்கொட்டை புதைக்கும் முதியோன் தான் நுங்கு தின்னக் கருதிப் புதைப்பதில்லை. பயன்கருதாது அன்புசெய்யும் பயிற்சியை இறைவன் வாழ்நாளின் மாலைப்பொழுதில் இவ்வாறு வைத்தருளினன் என்க.

இந்நெறியில் நமக்குச் சான்றாவார் நம் ஆசாரியர் பரம்பரையிலேயே உளர். மெய்கண்டதேவர் குழவிப் பருவத்திலேயே ஞானம் உரைத்தவர். அவர் குடிக்குக் குலகுருவும் சகலாகம பண்டிதரெனப் புகழ்பெற்றவருமாகிய முதியவர் அவர்பாற் சென்று, ஆணவத்தின் வடிவு யாதென வினவினர். குழவி வாய்திறவாது, நின்ற அவரையே சுட்டிக்காட்டிற்று. முதியவர் அக்கணமே அடிவீழ்ந்து மாணாக்கராயினர். சிவஞானசித்தியார் அருளிய அருணந்தி சிவாசாரியர் அவரே. எல்லாக் குழவிகளும் மெய்கண்டாராதல் இல்லை. ஆயினும் தொட்டிலின்முன் நிற்கும் முதியோர் ஒவ்வொருவரும், அவ்விரல் தம்மையும் சுட்டுவதாகக் கொள்ளுதல் நன்று. 'என் பெயர்த்தி' என்று சொல்லுங்கால் நம் நெஞ்சம் 'என்' என்பதைப் பற்றுகின்றதோ, பெயர்த்தியைப் பற்றுகின்றதோ என்று நாமே வினவிக்கொள்வோமாக. முன்னது பாசம், பின்னது அன்பு. பேரக் குழவி இறைவன் உடைமை; அதனை ஏந்திநிற்கும் நாமும் அவனுடைமையே. ஓருடைமை மற்றோருடைமையை உரிமை கொண்டாடுதல் கூடாது. உடனிருந்து அன்புசெய்தல் கூடும்.