'செய்யணும்' என்று சொல்வது யார்?

கடமை என்கிற சொல் மற்றவர்களுக்குப் பள்ளிக்கூடச் சுவரில் எழுதிப்போடுகிற நல்ல வார்த்தை. நமக்கு அது சாவுச் சேதி சொல்லப் போவது, செத்த மாட்டைத் தூக்குவது, பிணம் எரிப்பது, பறையடிப்பது. 'ஊர் வேலை' என்று பேர் வைத்து, கூலி கேட்டால் 'அது ஒங்க கடமையாச்சே' என்றவர்களிடமிருந்துதான் இந்தச் சொல் நமக்கு வந்தது. அப்படியானால் இதைத் தூக்கிப் போட்டுவிடலாமா? சாதி சுமத்திய கடமையை மறுத்தவனுக்கு வேறு கடமை என்று ஒன்று உண்டா? இந்தக் கேள்வி எனக்குத் தத்துவப் புத்தகத்திலிருந்து வரவில்லை. இங்கிலீஷ் கிராமரிலிருந்து வந்தது.

சேரியில் ஒன்பதாவதிலிருந்து பிளஸ் டூ வரை படிக்கிற பிள்ளைகளுக்குச் சாயங்காலத்தில் இங்கிலீஷ் சொல்லித் தருகிறேன். மஸ்ட், ஹேவ் டு, ஷுட் மூன்றையும் அவர்கள் ஒரே '-ணும்'மில் முடித்துவிடுவார்கள். ஐ மஸ்ட் கோ, போகணும். ஐ ஹேவ் டு கோ, போகணும். யூ ஷுட் கோ, அதுவும் போகணும்தான். மார்க் வாங்க இது போதும். ஆனால் வித்தியாசம் இருக்கிறது. பேசுகிறவனே வலியுறுத்தினால் பெரும்பாலும் மஸ்ட். வெளியிலிருந்து ஒரு விதியோ நெருக்கடியோ தள்ளினால் ஹேவ் டு. ஷுட் என்றால், செய்வதுதான் சரி, ஆனால் செய்யாமலும் போய்விடக்கூடும். பேச்சுவழக்கில் இந்தக் கோடு அங்கங்கே அழிந்துபோகும். ஆனாலும் கோடு உண்டு. அதைக் கண்டுபிடிக்க நான் கேட்கச் சொல்வது ஒரே கேள்வி: 'யார் சொல்றா?'

இந்தக் கேள்வியைத்தான் ஊர் நம்மைக் கேட்க விட்டதில்லை. 'சாவுக்கு அடிக்கணும்.' 'தெருவுக்குள்ள செருப்பைக் கழட்டணும்.' 'துண்டை இடுப்புல கட்டணும்.' இந்த வாக்கியங்களில் கட்டளை போட்டவன் இல்லை. செய்கிறவன்கூட இல்லை. யார் என்று சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும். வானத்திலிருந்து விழுந்த மாதிரி நிற்கிறது அந்த '-ணும்'. "அண்ணா, அப்ப அது மஸ்டா, ஹேவ் டுவா?" என்று கேட்டான் ஒரு பையன். சொன்னவனுக்கு மஸ்ட், செஞ்சவனுக்கு ஹேவ் டு என்றேன். கட்டாயத்தைச் சொல்கிற மஸ்டுக்கு இறந்தகாலம் கிடையாது. நேற்றைய கட்டாயத்தை 'ஹேட் டு' என்றுதான் சொல்ல முடியும். நம்ம தாத்தா பாட்டி சொல்லும் கதை பூராவும் அந்த ஹேட் டுதான்.

பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழுவது எதிர்மறையில். மஸ்ட் நாட் என்றால் கூடாது. டோண்ட் ஹேவ் டு என்றால் செய்ய வேண்டியதில்லை, செய்தாலும் தப்பில்லை. முதலாவது தடை, இரண்டாவது விடுதலை. ஆனால் ஆதிக்கசாதி இரண்டாவதைச் சொல்லி முதலாவதைச் செய்யும். 'நீங்க எதுக்குப்பா செரமப்படணும், தேர் இழுக்க வர வேண்டியதில்ல' என்றால் அர்த்தம் 'வரக் கூடாது' என்பதுதான்.

நம் இயக்கங்களுக்குள்ளும் இந்தக் குழப்பம் உண்டு. பறையைத் தூக்கி எறிய வேண்டும் என்றும், அது நம் கலை, அடிக்க வேண்டும் என்றும் பல காலமாக விவாதிக்கிறோம். சாவு வீட்டு வாசலில் அடிமையாக நின்று அடித்தவரின் மகன் அதை வெறுப்பதில் நியாயம் இருக்கிறது. நாம் உடைக்க வேண்டியது ஊர் போட்ட 'அடிக்கணும்' என்பதை. அதை உடைத்தபின் மிஞ்சுவது 'அடிக்கக் கூடாது' அல்ல, 'அடிக்க வேண்டியதில்லை'. விரும்பியவர் மேடையில் அடிக்கட்டும், விரும்பாதவர் விடட்டும். ஒரு கட்டளைக்குப் பதிலாக இன்னொரு கட்டளையை வைத்தால் 'யார் சொல்றா?' என்ற கேள்வி மறுபடியும் செத்துப்போகும்.

அம்பேத்கர் 1936இல் வெளியிட்ட 'சாதி ஒழிப்பு' உரையில் விதியையும் கோட்பாட்டையும் பிரித்துக் காட்டுகிறார். விதி இன்னதைச் செய் என்கிறது, பழக்கமாகச் செய்துவிட்டுப் போகலாம். கோட்பாடு எது சரி என்று எடைபோடும் வழியைத் தருகிறது. கோட்பாட்டின்படி நடப்பவன் தன் செயலுக்குத் தானே பொறுப்பு. பொறுப்பு இல்லாத இடத்தில் அறம் இல்லை. ஊர் கடமை என்று சொன்னதெல்லாம் இப்படிப் பார்த்தால் கடமையே அல்ல, வெறும் விதி.

விதி சட்டப் புத்தகத்தில் மாறினாலும் பிழைப்பில் மாறுவதில்லை. மனிதரைக் கொண்டு மலம் அள்ளவைப்பதைத் தடைசெய்து 1993இல் ஒரு சட்டம் வந்தது. பாதுகாப்பில்லாமல் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் ஆளை இறக்குவதைத் தடுத்து 2013இல் இன்னொரு சட்டம். சாக்கடைச் சாவு ஒவ்வொன்றுக்கும் 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது உச்சநீதிமன்றம், 2014இல். 2023இல் அதை 30 லட்சமாக்கியது. சட்டம் சொல்வது மஸ்ட் நாட். இறங்குகிறவரின் அடுப்பு சொல்வது ஹேவ் டு. சட்டத்தின் 'கூடாது' இறக்கிவிடுகிறவன்மேல் விழ வேண்டியது. செத்தபின் கேட்டால், 'அவரேதான் எறங்குனாரு' என்கிறான் கான்ட்ராக்டர். மறுபடியும் வாக்கியத்தில் சொன்னவனைக் காணோம்.

தமிழில் இன்னொரு விஷயம் இருக்கிறது. 'வேண்டும்' வினையோடு சேர்ந்தால் கட்டாயம்: உழ வேண்டும், சுமக்க வேண்டும். பெயரோடு சேர்ந்தால் கோரிக்கை: கூலி வேண்டும், நிலம் வேண்டும், சுடுகாட்டுக்குப் பாதை வேண்டும். வினையெல்லாம் நமக்கு, பெயரெல்லாம் அவர்களுக்கு என்று பங்கு போட்டதுதான் சாதி. நாம் பெயரைச் சொல்லிக் கேட்டால் என்ன நடக்கும் என்பதும் தெரியும். 1994இல் காரணைப் பஞ்சமி நிலப் போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் செத்தார்கள். 'நிலம் வேண்டும்' என்பதற்குக் கிடைத்த பதில் குண்டு.

ஊரைக் கேட்டுவிட்டு வீட்டைக் கேட்காமல் விட முடியாது. ஹேவ் டு வைத்து வாக்கியம் எழுதச் சொன்னபோது பத்தாவது படிக்கும் ஒரு பெண் எழுதினாள்: என் அண்ணன் பாத்திரம் கழுவ வேண்டியதில்லை, நான் கழுவ வேண்டியிருக்கிறது. கிராமரில் ஒரு தப்பும் இல்லை. பையன்கள் சிரித்தார்கள். 'யார் சொல்றா?' என்று நான் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. வீட்டிலும் சொன்னவன் வாக்கியத்தில் இல்லை.

ஆகவே கடமையைத் தூக்கிப்போட வேண்டாம் என்பதே என் முடிவு. அதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. 'யார் சொல்றா?' என்று கேட்டால் 'நான்' என்று பொறுப்பேற்க முடிய வேண்டும். சொன்னவரும் அதைச் செய்ய வேண்டும், மறுத்தவர் உதைபடக் கூடாது. இதில் தேறாதது எந்தப் பேரில் வந்தாலும் ஊர் வேலைதான். தேறுகிற கடமைகளும் நமக்கு உண்டு: சாக்கடையில் செத்தவருக்காகக் கோர்ட்டுக்குப் போவது, பஞ்சமி நிலத்தின் பட்டாவைத் தேடுவது, அடுத்த பிள்ளைக்கு எழுத்துச் சொல்லித் தருவது, வீட்டில் பாத்திரம் கழுவுவது. இவற்றை எந்த ஊரும் நமக்குச் சொல்லவில்லை. நாம்தான் நமக்குச் சொல்லிக்கொள்கிறோம். மஸ்ட் என்ற சொல்லை நாம் முதல் தடவையாகச் சரியாகப் பயன்படுத்துவது அப்போதுதான்.