பாடி என்பதன் பொருள்

தரங்கம்பாடி என்றால் 'அலைகள் பாடும் ஊர்' என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. சுற்றுலாக் கையேடுகள் சொல்கின்றன, அங்கே போய்வந்த நண்பர்கள் சொல்கிறார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். தரங்கம் அலைதான். ஆனால் பாடி என்பது பாடுவதல்ல. குடியிருப்பு. தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்ப் பெயர்களின் கடைசியில் நிற்கும் அதே பாடி. மாசிலாமணிநாதர் கோயில் கல்வெட்டு இவ்வூரைச் சடங்கன்பாடி என்கிறது. அங்கேயும் அலையில்லை, பாட்டில்லை. ஆட்கள் வசித்த ஓர் இடம், அவ்வளவே. குடியிருப்பைக் குறித்த சொல் நம் காதில் பாட்டாக விழுந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த ஊரை நாம் பார்த்துவரும் விதமே அதுதான்.

போகிறவன் பார்ப்பது இவை: 1792-ல் கட்டிய நுழைவாயில்; அதற்குள்ளே நேராகக் கடலை நோக்கிப் போகும் ராஜ வீதி; இரு பக்கமும் தூண் வைத்த தாழ்வாரங்கள்; 1718-ல் எழுந்த புதிய எருசலேம் ஆலயம்; கரையில் டேனிஷ்காரர்களின் டான்ஸ்பர்க் கோட்டை. தஞ்சை ரகுநாத நாயக்கரோடு 1620-ல் உடன்படிக்கை செய்துகொண்டு வந்தவர்கள், 1845-ல் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு இதையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். வியாபாரம் நாகப்பட்டினத்துக்குப் போயிற்று. ரயிலும் முதலில் அங்கேதான் வந்தது. தரங்கம்பாடிக்கு மாயவரத்திலிருந்து ரயில் வந்தது 1926-ல். அதுவும் 1986-ல் நின்றுவிட்டது.

வீதி அப்படியே இருப்பதற்குக் காரணம் யாரும் அதைப் பேணியதல்ல. இடித்துக் கட்ட அங்கே யாரிடமும் காசு இல்லை. நாம் 'காலம் உறைந்துவிட்டது' என்று பரவசப்படுவது பணம் வெளியேறிவிட்டதை. அழகிய பழைய துறைமுகங்கள் பலவற்றின் கதையும் இதுதான். வேறொரு வழியும் உண்டு. மத்தியதரைக் கடலோரத்தில், பிரான்ஸின் தெற்குக் கோடியில், கோலியூர் என்ற நெத்திலி பிடிக்கும் ஊருக்கு 1905 கோடையில் மத்தீஸும் தெரேனும் போய்ப் படம் வரைந்தார்கள். ஓவியத்தில் புதிய சகாப்தம் பிறந்தது. அந்தப் படகுகள் மீன் பிடிக்கும் சாதனம் என்பதிலிருந்து வர்ணம் என்ற நிலைக்கு மாறின. இன்று ஜனங்கள் அங்கே போவது மீனுக்காக அல்ல, அந்த வர்ணத்துக்காக.

கேள்வி இதுதான்: பிறருடைய வாழ்வின் சிதைவையோ அன்றாடத்தையோ அழகு என்று காண்பதில் அறப்பிழை உண்டா? 'கலைக்கும் அறத்துக்கும் என்ன சம்பந்தம்' என்று நம் வட்டத்தில் இதைச் சுலபமாகத் தள்ளிவிடலாம். நானும் பல வருஷங்கள் அப்படித்தான் தள்ளிவைத்திருந்தேன்.

1983-ல் அந்த ரயிலில் முதல் தடவையாகத் தரங்கம்பாடிக்குப் போனேன். பாண்டியன் மாறவர்ம குலசேகரன் காலத்தில், 1306-ஐ ஒட்டி எழுந்த மாசிலாமணிநாதர் கோயில் அப்போது கடலின் வாயில் இருந்தது. கிழக்கே இருந்த பகுதிகள் அலைகளில் போய்விட்டிருந்தன. ஈரக் கல்லில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சற்றுத் தள்ளி ஒரு கிழவி மணலில் கருவாடு உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"என்னா தம்பி, எவ்வளவு நாழியா அதையே பாக்குற?"

"கோயில் ரொம்ப அழகா இருக்கு ஆயா."

அவள் கோயிலைத் திரும்பிப் பார்த்தாள். "முன்னால இன்னொரு மண்டபம் இருந்துச்சு. நாங்க சின்னப் புள்ளைல அங்கதான் கெடப்போம். அது இருந்தப்ப அழகாத்தான் இருந்துச்சு. இப்பத்தான் போச்சே." பிறகு காக்கையை விரட்டப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து ஒரு கவிதை எழுதினேன். கடல் அதில் பக்தன். ஒவ்வோர் அலையும் ஒரு பிரதட்சிணம். கல் கரைவது முக்தி. ஒரு சிறுபத்திரிகையில் வந்தது. நாலைந்து பேர் கடிதம் எழுதினார்கள். நம் உலகத்தில் அது பெரிய வரவேற்பு.

இதற்குச் சில வருஷங்களுக்குப் பிறகு சென்னையிலிருந்து ஒரு நண்பர் எங்கள் கிராமத்துக்கு வந்தார். மேட்டூர் அணையை வழக்கம்போல் ஜூன் 12-ல் திறக்காத ஆண்டு அது. குறுவை இல்லை. கோடை மழைக்கு முளைத்த கோரையும் புல்லும் வயலில் மண்டிக் கிடந்தன. நண்பர் திண்ணையில் நின்று பார்த்துவிட்டு, "என்ன பசுமை! கண்ணுக்கு எவ்வளவு குளிர்ச்சி!" என்றார். மனதார்தான் சொன்னார். என் தகப்பனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பதில் சொல்லாமல் கொல்லைப்பக்கம் போய்விட்டார். எனக்கு நண்பர்மேல் கோபம் வந்தது. களைக்கும் பயிருக்கும் வித்தியாசம் தெரியாதவனுக்கு இந்த வயலை ரசிக்க என்ன உரிமை என்று நினைத்தேன். அன்றிரவு படுத்த பிறகுதான் கருவாட்டுக் கிழவி ஞாபகத்துக்கு வந்தாள். கொல்லைப்பக்கம் போன என் அப்பாவும் காக்கை விரட்டப் போன அவளும் ஒரே பதிலைத்தான் சொல்லியிருந்தார்கள்.

2004 டிசம்பர் 26 காலை சுனாமி வந்தது. அப்போது தரங்கம்பாடியும் சேர்ந்திருந்த நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு, கடலிலிருந்து இருநூறு மீட்டருக்குள் இருந்தவர்கள் பழைய இடத்தை விட்டுக்கொடுத்தால் உள்ளே தள்ளிப் புது வீடு தருவதாக அரசாணை வந்தது. உயிர் காக்கும் யோசனைதான். குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அதே கரையில் பழைய பங்களா விருந்தினர் விடுதியாகி, கடலைப் பார்த்த அறைக்கு மதிப்பும் கூடியது. ஒருவன் வசிக்கக் கூடாத அளவுக்கு அபாயமான தூரம், இன்னொருவன் காசு கொடுத்துத் தங்கும் அளவுக்கு ரம்மியமான தூரமாக இருந்தது.

பிறகு கவிதைகளைத் தொகுத்தபோது அந்தக் கவிதையை எடுத்துவிட்டேன். கடலைப் பக்தன் என்று எழுதிய வரிகளை அந்தப் பிணங்களுக்குப் பிறகு அச்சில் பார்க்க என்னால் முடியவில்லை. ஒரு நண்பர் கடுமையாக ஆட்சேபித்தார். "கவிதை சுனாமியைக் கூப்பிடவில்லையே! 1983-ல் நீ கண்டது பொய்யா? பிற்பாடு நடந்ததற்காக முன்னால் கண்ட அழகை வாபஸ் வாங்குவது கோழைத்தனம்" என்றார். அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. இன்று யோசிக்கையில் அவர் சொன்னதில் முக்கால் பங்கு சரி. நான் எடுத்தது கவிதைக்காகவும் அல்ல, இறந்தவர்களுக்காகவும் அல்ல. என் கை சுத்தம் என்று எனக்கே காட்டிக்கொள்வதற்காக. அந்த நீக்கமும் ஒரு தற்பெருமைதான்.

மீதிக் கால் பங்கு வேறிடத்தில் இருக்கிறது. கவிதையில் கடல் இருந்தது, கல் இருந்தது, முக்தி இருந்தது. கிழவி இல்லை. அவளை நான் மறந்துவிடவில்லை. அவள் பேச்சு காதில் இருக்கும்போதுதான் எழுதினேன். அவள் உள்ளே வந்தால் கவிதை உடைந்துவிடும் என்று தெரிந்தே வெளியே நிறுத்தினேன். பிழை 1983-லேயே நடந்துவிட்டது. சுனாமி அதைக் காட்டிக்கொடுத்தது.

ஆல்பெர் காம்யு அல்ஜீரியக் கடற்கரையில் உள்ள திபாஸாவைப் பற்றி இரண்டு தடவை எழுதினார். ரோமானிய இடிபாடுகள், வெயில், கடல், இளமை என்று முதல் கட்டுரை. உலகப் போருக்குப் பிறகு திரும்பிப் போனபோது இடிபாடுகளைச் சுற்றி முள்கம்பி. இரண்டாவது கட்டுரை முள்கம்பியை மறைக்கவில்லை. அதற்காக அழகைக் கைவிடவுமில்லை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள மறுப்பதே அதன் பலம். ஆனாலும் அந்த மண்ணின் அரபு ஜனங்கள் இரண்டிலும் ஏறக்குறைய இல்லை. அவ்வளவு நேர்மையான கண்ணுக்கும் ஒரு கழித்தல் தேவைப்பட்டிருக்கிறது.

தரங்கம்பாடிக்கே வந்த இன்னொரு வெளியாளைச் சொல்ல வேண்டும். 1706-ல் வந்திறங்கிய சீகன்பால்கு ரசிக்க வந்தவரல்ல, மாற்ற வந்தவர். அது இன்னும் மோசமான பார்வை என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அவர் மணலில் குழந்தைகளோடு உட்கார்ந்து எழுத்துப் படித்தார். உள்ளூர்க்காரர்களிடம் கேள்விகள் எழுதிக் கேட்டு, தம் மதத்துக்கு எதிரான பதில்கள் உட்பட வந்த பதில்களை ஜெர்மனியில் ஹாலே நகருக்கு அனுப்பினார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713-ல் அவர் எழுதி முடித்த நூலை அனுப்பிவைத்தவர்கள் விரும்பவில்லை, 1867-ல்தான் அச்சேறியது. அவருடைய நோக்கத்தோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் எதிரே இருந்த ஆள் பேசினான், அந்தப் பேச்சு தாளில் ஏறியது. ரசிகனான நான் செய்யாததை மதம் மாற்ற வந்தவர் செய்திருக்கிறார்.

ஆகவே அழகைக் காண்பதில் பிழை இல்லை என்றே நினைக்கிறேன். கிழவிக்கும் ஓர் அழகு இருந்தது. அது போய்விட்ட மண்டபத்தில் இருந்தது. அவளுடையது சரி, என்னுடையது தப்பு என்பதல்ல. அவளுடைய அழகில் நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். என்னுடையதற்கு அவள் இல்லாமல் இருப்பது அவசியமாக இருந்தது. வசிப்பவனைக் கழித்தால்தான் நிற்கும் என்ற அழகை நாம் சந்தேகிக்க வேண்டும். ஊர் மீது நமக்குப் பிரியம் இருக்கிறதா என்பதற்கும் ஒரு சோதனை உண்டு. அந்த வீதியில் ஒருவனுக்குக் காசு வந்து, தூண் தாழ்வாரத்தை இடித்துவிட்டுச் சிமெண்ட் வீடு கட்டினால் நமக்கு வருவது துக்கமா, கோபமா? துக்கம் என்றால் பரவாயில்லை; கோபம் என்றால் நாம் அங்கே நேசித்தது நம்முடைய உடைமையை.

அந்தக் கவிதையை அடுத்த பதிப்பில் திரும்பச் சேர்க்கப் போகிறேன், ஒரு வரியும் மாற்றாமல். கிழவியை இப்போது உள்ளே கொண்டுவந்தால் அது இன்னொரு பொய். அதற்குக் கீழே அவள் சொன்னதை, அவள் சொன்னபடியே, தனியாக அச்சிடச் சொல்லியிருக்கிறேன்.