செடிக்கு முன் மண்

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டங்களில் பழைய தேயிலையைப் பிடுங்கிய மலையில் அடுத்த மாதமே புதுக்கன்று வைப்பதில்லை. முதலில் பழைய வேர்களைத் தோண்டி எடுக்கிறார்கள். மண்ணுக்குள் விட்ட வேரிலிருந்து நோய் புதுச் செடிக்குத் தாவும். பிறகு மலை முழுவதும் குவாத்தமாலா புல்லையோ மானாப் புல்லையோ நடுகிறார்கள். அது வளர வளர வெட்டி, வெட்டிய இடத்திலேயே மண்ணுக்குப் போர்வையாகப் போடுகிறார்கள். ஒன்றரை வருடம், இரண்டு வருடம் அந்த மலையிலிருந்து ஒரு கிலோ கொழுந்துகூட மடுவத்துக்கு வராது. கணக்கெழுதுகிறவருக்கு அது நட்டம். ஆனால் பல தலைமுறை தேயிலையையே சுமந்து இறுகிப்போன மண் இளக வேறு வழியில்லை. 1925இல் தொடங்கி, சென்ட் கூம்ஸ் தோட்டத்தில் இயங்கிவரும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் தோட்டங்களுக்குச் சொல்லும் முறையும் இதுவே.

இயேசு சொன்ன விதைக்கிறவனின் உவமையை மலையகத்துப் பிள்ளைகளுக்கு விளக்க இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. மத்தேயு 13ஆம் அதிகாரத்தில் விதைக்கிறவன் ஒருவன்தான், விதையும் ஒன்றுதான். வழியோரத்தில் விழுந்தது பறவைக்குப் போனது. பாறைமேல் விழுந்தது முளைத்துக் கருகியது. முள்ளுக்குள் விழுந்தது நெருக்குண்டது. நல்ல நிலத்தில் விழுந்தது நூறாகவும் அறுபதாகவும் முப்பதாகவும் பலன் தந்தது. வித்தியாசம் மண்ணில் இருந்தது. அப்படியிருக்க, பிள்ளைகளின் விசுவாசத்தைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் விதையையே எண்ணிக்கொண்டிருப்பது ஏன்? எத்தனை வசனம் மனப்பாடம், எத்தனை பாட்டுத் தெரியும், வேதாகமப் போட்டியில் எத்தனையாவது இடம் என்பவை விதையின் கணக்குகள். மண்ணைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

இலங்கையில் இது இன்னும் கூர்மையான கேள்வி. இங்கே சமயம் பாடசாலைப் பாடம். சாதாரண தரப் பரீட்சையில் அது கட்டாயப் பாடம். கிறிஸ்தவப் பாடத்தில் ‘ஏ’ எடுத்த பிள்ளை, அதே வாரம் தன் தங்கையோடு பேசாமல் இருக்கலாம். இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரத்தைப் பரீட்சைத் தாள் அளப்பதில்லை. புள்ளி எடுத்தது குற்றமல்ல. வேதபாரகனாகிய எஸ்றாவைப் பற்றி வேதம் சொல்லும் வரிசையைக் கவனித்தால் போதும்: முதலில் தன் இருதயத்தை ஆயத்தப்படுத்தினான், பின்பு கர்த்தருடைய வேதத்தை ஆராய்ந்தான், அதன்படி நடந்தான், அதன் பிறகுதான் மற்றவர்களுக்குக் கற்பித்தான். இன்றைய பிள்ளை இரண்டாவது படியிலிருந்து தொடங்குகிறது. பெரியவர்கள் பலர் நான்காவது படியிலிருந்து தொடங்குகிறார்கள்.

மலைநாட்டில் இந்த விசுவாசம் கட்டடத்தோடு வந்ததல்ல. 1854இல் திருச்சபை மிஷனரிச் சங்கத்தார் தோட்டத் தொழிலாளருக்கென ஒரு மிஷனைத் தொடங்கினார்கள். அந்தக் காலத்து வழக்கப்படி அதற்கு ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்று பெயர் வைத்தார்கள். பெயரிலேயே அந்தக் காலத்தின் அவமதிப்பும் இருந்தது. ஆனால் அதன் கால்களாக இருந்தவர்கள் திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்கள். தோட்டம் தோட்டமாக நடந்து, வேலை முடிந்து வந்தவர்களை லயத்து வாசலில் சந்தித்துப் பேசினார்கள். அப்போது மலையில் இருந்தது கோப்பி. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டதும், அதன்பின் கோப்பியை நோய் அழித்ததும், டிக்கோயாவில் வோர்லி கிறிஸ்து ஆலயம் 1878இல் எழுந்ததும் பிந்திய கதை. அழகான கல் கோயில்கள் துரைமாரின் ஆராதனைக்காக எழுந்த காலத்தில், தொழிலாளியின் பிள்ளைக்குக் கிடைத்த ஆலயம் பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக்காம்பராவும் அதன் முன்னாலுள்ள இஸ்தோப்பும்தான்.

ஞாயிறு பாடசாலையின் பிறப்பும் இதற்குத் தொலைவானதல்ல. 1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் அதைத் தொடங்கியபோது அவர் மனதில் இருந்தவர்கள் வாரத்தில் ஆறு நாள் தொழிற்சாலையில் உழைத்த ஏழைப் பிள்ளைகள். அவர்களுக்கு ஓய்வென்று இருந்தது ஞாயிறு மட்டுமே. உழைப்பாளியின் பிள்ளைக்காகவே பிறந்த ஓர் ஏற்பாடு அது. தோட்டங்களில் ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குப் படிப்பு ஏற்பாடு செய்வது தோட்ட நிர்வாகத்தின் கடமை என்று சட்டம் வந்தது 1907இல். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்க 1977 ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் எழுத்தறிவிப்பதும் மனதைப் பண்படுத்துவதும் பல இடங்களில் ஒரே மனிதரின் வேலையாக இருந்தது.

அந்த வேலையின் உறுதி சோதிக்கப்பட்ட காலமும் உண்டு. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியாவுக்கும் மூன்று லட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. ஒரே லயத்தில் அண்ணன் ஒரு நாட்டுக்கு, தம்பி ஒரு நாட்டுக்கு. ஊரும் லயமும் கோயிலும் பின்னால் நிற்க, இரும்புப் பெட்டியோடு தலைமன்னார்த் துறைக்குப் போன பிள்ளைகளுக்கு எது கூட வந்திருக்கும்? மனதில் ஊறியது மட்டுமே வந்திருக்கும். அவர்களில் பலர் நீலகிரியில், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கங்களில் மறுபடியும் தேயிலைக்குள்ளேயே குடியேறினார்கள்.

சரி, மனம் ஆயத்தமானது என்பதற்கு அளவு என்ன? கத்தோலிக்கத் திருச்சபை இந்தக் கேள்விக்கு 1910 ஆகஸ்டில் ஒரு பதில் சொன்னது. அதுவரை பல நாடுகளில் முதல் நன்மைக்காகப் பிள்ளைகள் பத்து, பன்னிரண்டு வயதுவரை, சில இடங்களில் அதற்கு மேலும் காத்திருந்தார்கள். முழு ஞானோபதேசமும் தெரிந்தால்தான் தகுதி என்ற எண்ணம். திருத்தந்தை பத்தாம் பயஸ் காலத்தில் வந்த ஆணை அதை மாற்றியது. ஏழு வயதளவில், சாதாரண அப்பத்துக்கும் நற்கருணைக்கும் வேறுபாடு தெரிந்து, தன் வயதுக்கேற்ற பக்தியோடு வரக்கூடிய பிள்ளை போதும் என்றது. பிள்ளை ஆயத்தமா என்று பார்க்கும் பொறுப்பைக் குருவானவரிடம் மட்டும் விடாமல் பெற்றோரிடமும் கொடுத்தது. அறிவின் நிறைவைக் கேட்காமல் அன்பின் தொடக்கத்தைக் கேட்டது அந்த ஆணை. கத்தோலிக்கரல்லாத சபைகளும் இதில் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய உண்டு.

ஆனால் பெற்றோருக்கு நேரம் எங்கே? இந்தக் கேள்வியைக் கேட்காமல் தோட்டத்தில் ஆன்மீகம் பேசுவது நேர்மையாகாது. தாய் விடியுமுன் எழுந்து ரொட்டி தட்டி, கைக்குழந்தையைப் பிள்ளை மடுவத்தில் விட்டு, மலை ஏறுகிறாள். கொழுந்து நிறுத்து வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடும். அடுப்பு, உடுப்பு, பிள்ளையின் வீட்டுப்பாடம் எல்லாம் அதன் பிறகு. புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கினால் ஞாயிற்றுக்கிழமையும் டியூஷனுக்குப் போய்விடுகிறது. கொழும்பு வீடுகளிலும் வளைகுடா நாடுகளிலும் வேலைக்குப் போன தாய்மாரின் பிள்ளைகள் பாட்டியிடம் வளர்கிறார்கள்.

அந்தப் பாட்டியை யாரும் குறைவாக எண்ணவேண்டாம். தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றி எழுதும்போது பவுல் பேர் சொல்லி நினைவுகூர்வது இரண்டு பெண்களை: பாட்டி லோவிசாள், தாய் ஐனிக்கேயாள். மலையகத்தில் எத்தனையோ வீடுகளில் வேதபாடம் நடத்தும் முதல் ஆசிரியர் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு முதியவளே. அவளிடம் புத்தகம் இல்லை. பேரப்பிள்ளையின் தலையில் கைவைத்து, அன்றைய நாளை ஆண்டவரிடம் சொல்லும் வழக்கம் இருக்கிறது. அது மண் வேலை.

இரவுச் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் நடுவில் பத்து நிமிடம் போதும். டிவியை நிறுத்தி, கைபேசியைத் தள்ளிவைத்து, வீட்டார் ஒன்றாக உட்காரட்டும். பிள்ளையிடம் வசனத்தை ஒப்பிக்கச் சொல்லுமுன் அன்றைய நாளைப் பற்றிக் கேட்கட்டும். எதற்கு நன்றி சொல்லலாம்? யாரை நோகடித்தாய்? யார் உன்னை நோகடித்தார்கள்? பதில் வர நேரம் கொடுக்க வேண்டும். பீலிக்கரையில் தண்ணீருக்கு நின்ற வரிசையில் பக்கத்து லயத்துப் பிள்ளையைத் தள்ளிவிட்டது அப்போதுதான் வெளியே வரும். காணிக்கையைப் பீடத்தருகே வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகப் போ என்று இயேசு மலைப்பிரசங்கத்தில் சொன்னதை அந்த இடத்தில் சொன்னால், பிள்ளை அதை மறக்காது. மறுநாள் காலை அந்தப் பிள்ளையிடம் போய் ஒரு வார்த்தை பேசிவிட்டு வந்தால், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கான ஆயத்தம் வியாழக்கிழமையே தொடங்கிவிட்டது.

மண்ணை இறுக்குகிற வேலையும் வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. “சாமி கண்ணைக் குத்தும்” என்று சொல்லிப் பிள்ளையை அடக்குவது சுலபம். அந்தப் பயம் அப்போதைக்கு வேலை செய்யும். ஆனால் தப்புச் செய்த நாளில் ஆண்டவரிடம் ஓடிவரவேண்டிய பிள்ளை அவரிடமிருந்து ஒளியப் பழகிவிடும். ஏதேனில் ஆதாம் மரங்களுக்கு நடுவே ஒளிந்ததும் பயத்தால்தான். இன்னொன்று, அதைவிடக் கனமானது. சம்பள நாளில் குடித்துவிட்டு வந்து தாயை அடிக்கிற தகப்பனைப் பார்க்கும் பிள்ளை, கர்த்தருடைய ஜெபத்தில் கடவுளைப் பிதா என்று கூப்பிடும்போது எதை நினைக்கும்? அந்தச் சொல்லையே அதற்கு முள்ளாக்கிவிட்டு, ஞாயிறு பாடசாலை ஆசிரியை அதைச் சரிசெய்துவிடுவார் என்று எதிர்பார்ப்பது அநியாயம். அங்கே முதலில் பண்படவேண்டியது தகப்பனின் இருதயம்.

பிள்ளையின் மனதைக் கிறிஸ்துவுக்காக ஆயத்தப்படுத்துவது பக்கத்து வீட்டாரை இகழக் கற்பிப்பதல்ல. தோட்டங்களில் பெரும்பாலானோர் இந்துக்கள். மாரியம்மன் தேர் வரும் அதே பாதையில்தான் நத்தார் பஜனைக் குழுவும் போகிறது. காமன் கூத்து பார்த்த பிள்ளையே கிறிஸ்து பிறப்பு நாடகத்தில் மேய்ப்பனாகவும் நிற்கிறது. அயலான் யார் என்று கேட்ட சட்ட நிபுணனுக்கு இயேசு வேற்றினத்துச் சமாரியனை முன்மாதிரியாக நிறுத்தினார். அந்தக் கதையை அறிந்த பிள்ளை அடுத்த காம்பராவுக்குள் வெறுப்பைக் கொண்டுபோகாது.

இவை எல்லாவற்றையும் ஒரே இரவில் காட்டுகிற சம்பவம் சாமுவேலின் முதலாம் புத்தகத்தில் இருக்கிறது. சீலோவில் தேவனுடைய விளக்கு இன்னும் அணையாத நேரம். சிறுவன் சாமுவேல் படுத்திருக்கிறான். வருடந்தோறும் தாய் அன்னாள் தைத்துக் கொண்டுவரும் சின்னச் சட்டை; நுவரெலியாக் குளிருக்குப் பிள்ளைக்குச் சுவெட்டர் பின்னும் தாய்மாருக்கு அந்தத் தாயைத் தெரியும். குரல் கேட்கிறது. அவன் முதிய ஆசாரியர் ஏலியிடம் ஓடுகிறான். “நான் கூப்பிடவில்லை, போய்ப் படு” என்று அனுப்புகிறார். மறுபடியும் அப்படியே. மூன்றாவது முறைதான் கிழவருக்கு விளங்குகிறது. சாமுவேல் அதுவரை கர்த்தரை அறியவில்லை என்று வேதம் வெளிப்படையாகச் சொல்கிறது. கோயிலுக்குள்ளேயே வளர்ந்த பிள்ளை, ஆனாலும் அறியவில்லை! ஏலி அவனுக்கு நீண்ட பாடம் நடத்தவில்லை. இனிக் கூப்பிட்டால், பேசும், அடியேன் கேட்கிறேன் என்று சொல்லும்படி ஒரே பதிலைக் கற்றுக்கொடுத்து அனுப்பிவிட்டார். கூடவே போய் நிற்கவில்லை. அந்த இடத்தைப் பிள்ளைக்கும் கடவுளுக்கும் விட்டுக்கொடுத்தார்.

பாதி இரவில் மூன்று முறை எழுப்பப்பட்டும் ஏலி எரிந்துவிழவில்லை என்பதையும் கவனிக்கவேண்டும். களைத்துப் படுத்த நேரத்தில் “அம்மா, செத்தவங்க எங்க போறாங்க?” என்று பிள்ளை கேட்கும்போது, பேசாமல் படு என்று சொல்லத்தான் வாய் வரும். அந்தக் கேள்வி மறுபடி வராமலேயே போகக்கூடும்.

கதை அங்கே முடிவதில்லை. அந்த இரவில் சாமுவேல் கேட்டது இனிமையான செய்தியல்ல. ஏலியின் குடும்பத்துக்கு எதிரான தீர்ப்பு. மகன்கள் பாவம் செய்தபோது ஏலி அடக்கவில்லை என்பது அதன் சாரம். விடிந்ததும் சிறுவன் கதவுகளைத் திறக்கிறான், ஆனால் சொல்லப் பயப்படுகிறான். ஏலிதான் கூப்பிட்டு, ஒன்றையும் மறைக்காமல் சொல் என்கிறார். கேட்டு முடித்ததும் கோபிக்கவில்லை, வாயை மூடு என்று மிரட்டவில்லை. அவர் கர்த்தர், அவருக்கு நலமாய்த் தோன்றுவதைச் செய்வாராக என்று ஏற்றுக்கொண்டார். தன் பிள்ளைகளை வளர்ப்பதில் தோற்றுப்போன ஏலி, இந்தப் பிள்ளை விஷயத்தில் தோற்கவில்லை.

மனம் ஆயத்தமான பிள்ளை வீட்டில் உள்ளதை உள்ளபடி சொல்லும். அப்பா ஏன் குடிக்கிறார் என்று கேட்கும். சபைச் சண்டையில் தன் பெரியப்பாவோடு ஏன் பேச்சில்லை என்று கேட்கும். நாள் முழுக்க மலையில் நின்று வந்த தாயிடம் வாய் காட்டியதற்கு மன்னிப்பும் கேட்கும். அட்டனிலும் டிக்கோயாவிலும் பொகவந்தலாவையிலும் முதல் நன்மைக்கும் திடப்படுத்தலுக்கும் பிள்ளைகளை மாதக்கணக்காக வகுப்புக்கு வரச் சொல்கிற குருமாரும் போதகர்மாரும், அந்த வகுப்பில் ஒரு மாலையையாவது பெற்றோருக்காக ஒதுக்கவேண்டும். பிள்ளை கேட்கப்போகும் அந்தக் கேள்விகளை முன்வைத்து, அன்று அவர்களோடு உட்கார்ந்து பேசவேண்டும்.