என்கிட்ட இல்லடா

போன வருடம் ஜூலையில் ஒரு இரவு கல்லூரி நண்பன் போன் செய்தான். அப்பாவுக்கு பைபாஸ், இன்சூரன்ஸ் போக இரண்டு லட்சம் குறைகிறது, ஆறு மாதத்தில் தந்துவிடுகிறேன் என்றான். யோசிக்கவே இல்லை நான். "என்கிட்ட இல்லடா மச்சான்" என்றேன். அன்று என் பெயரில் எஃப்டியிலும் மியூச்சுவல் ஃபண்டிலுமாகப் பதினொரு லட்சம் இருந்தது.

பொய் சொல்கிறோம் என்ற உணர்வே வரவில்லை. அதுதான் இன்றுவரை உறுத்துகிறது. என் மனதில் அது என் பணமே இல்லை, வீட்டின் பணம்.

கணக்கு இதுதான். பொழிச்சலூரில் ஒரு பழைய இரண்டு பெட்ரூம் ஃபிளாட் 50 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த அளவுக் கடனுக்கு ரிசர்வ் வங்கி விதிப்படி வீட்டு மதிப்பில் அதிகபட்சம் 80 சதவீதம்தான் கிடைக்கும். அப்படியென்றால் 10 லட்சம் கையிலிருந்து போடவேண்டும். முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2, ஆக 9 சதவீதம். இன்னொரு நாலரை லட்சம். அதற்குக் கடனும் கிடையாது. புரோக்கர், வக்கீல் செலவு தனி. பதினைந்து லட்சம் இல்லாமல் பேச்சையே தொடங்க முடியாது. மாதம் பன்னிரண்டாயிரம் என்று ஆறு வருடம் போட்டு நான் வந்து சேர்ந்திருந்த இடம் பதினொன்று.

ரிச்சர்ட் தேலர் (2017இல் பொருளாதார நோபல் வாங்கியவர்) இந்தப் பழக்கத்துக்கு மனக்கணக்கு என்று பெயர் வைத்தார். எல்லா ரூபாயும் ஒரே ரூபாய்தான், ஆனால் நாம் அதற்கு வாடகை, பள்ளி ஃபீஸ், வீடு என்று பெயர் எழுதித் தனித்தனி டப்பாவில் போட்டுவைக்கிறோம். அம்மாவுக்கு இதைச் சொன்னால் சிரிப்பாள். அவளுடைய கடுகு டப்பாவுக்கு நோபல் யாரும் தரவில்லை. அந்த டப்பா இல்லாவிட்டால் என் செமஸ்டர் ஃபீஸே கட்டியிருக்க முடியாது. டப்பாவைத் தப்பு சொல்லமாட்டேன். ஆனால் என் தொழிலில் ஒரு வேரியபிளின் பெயரை மாற்றினால் உள்ளே இருக்கும் மதிப்பு மாறாது. "வீடு" என்று பெயர் வைத்ததால் அந்தப் பதினொரு லட்சம் என்னிடம் இல்லாமல் ஆகிவிடுமா?

பீட்டர் சிங்கர் 1972இல் வெளியிட்ட கட்டுரை நிறைய பேருக்குத் தெரிந்திருக்கும். கிழக்கு வங்காள அகதிகளை மனதில் வைத்து எழுதியது. ஆழமில்லாத குளத்தில் ஒரு குழந்தை மூழ்குகிறது, இறங்கினால் உன் துணி சேறாகும், இறங்குவாயா? அதே அளவு முக்கியமான ஒன்றை இழக்காமல் ஒரு கேட்டைத் தடுக்க முடியுமென்றால் தடுத்தே ஆகவேண்டும் என்பது அவர் வாதம். எனக்கு அந்த "அதே அளவு முக்கியமான" என்ற இடத்தில்தான் தகராறு. முதல் வீடு வெறும் துணியா? நாங்கள் ஒன்பது வாடகை வீடு மாறியவர்கள். சுவரில் ஆணி அடிக்க அப்பா ஹவுஸ் ஓனரிடம் போய் நின்றதைப் பார்த்தவன் நான். சிங்கர் நேரில் வந்தால் இதைச் சொல்வேன்.

சொல்லிவிட்டு, 2015 டிசம்பரையும் சொல்லவேண்டியிருக்கும். செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்த அந்த இரவில் பொழிச்சலூரில், ஆற்றோரத் தெரு ஒன்றில் தரைத்தளத்தில் குடியிருந்தோம். அடையாறு வாசலுக்கு வந்தது, பிறகு கட்டிலுக்கு வந்தது. ஏர்போர்ட்டை மூடிவிட்டதால் தலைக்குமேல் எப்போதும் இருக்கும் விமான இரைச்சல் நின்றுபோனது. அந்த அமைதியை இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. எதிர்வீட்டு அண்ணன் மாடியிலிருந்து டார்ச் அடித்து, "அம்மாவ கூட்டிட்டு மேல வா தம்பி" என்றார். நான்கு நாள் அவர் மாடியில் இருந்தோம். இன்னும் இரண்டு குடும்பமும் இருந்தது.

பிறகொரு நாள், நானும் இப்படி ஒரு மாடி கட்டணும் அண்ணே என்றேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "இந்த மாடிக்கு சேர்த்துட்டு இருந்தப்ப அக்கா பொண்ணு கல்யாணத்துக்குக் கேட்டாங்க. முடியாதுன்னுட்டேன். அக்கா இன்னும் பேசுறதில்ல."

எங்களைக் காப்பாற்றிய மாடி அது. யாரோ ஒருவருக்கு மறுத்துக் கட்டியது. இதை எந்தத் தராசில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அவர் "முடியாது" என்று சொன்னார், அக்காவின் கோபத்தை வாங்கிக்கொண்டார். நான் "இல்லை" என்றேன். "முடியாது" என்றால் ஏன் என்று கேட்கலாம், சண்டை போடலாம், ஒரு லட்சமாவது கொடு என்று பேரம் பேசலாம். "இல்லை" என்பவனிடம் என்ன கேட்கமுடியும்? என் முடிவை நிலவரம் மாதிரி சொல்லி, அவனுக்கிருந்த அந்த வாய்ப்பையும் எடுத்துக்கொண்டேன்.

நண்பனின் அப்பா பிழைத்துவிட்டார். அவன் மனைவியின் நகை அடகுக்குப் போயிருந்தது. பொங்கலுக்குப் பார்த்தபோது உண்மையைச் சொன்னேன். சொல்லிவிட்டுக் கீழே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தெரியும்டா" என்றான். "நீ வீட்டுக்கு சேர்க்குறது காலேஜ் க்ரூப்புல எல்லாருக்கும் தெரியும். தரமுடியாதுன்னு சொல்லிருந்தா ரெண்டு நாள் திட்டிருப்பேன்."

நகை இன்னும் அடகில்தான் இருக்கிறதா என்று கேட்டேன். ஆமாம் என்றான். எவ்வளவு என்று கேட்டேன்.