கோடைக்கும் ஒரு நோன்பு

அருகப் பெருமானின் திருவடிகளை வணங்கி, நம் இல்லங்களில் ஒன்பது, பத்து, பதினொன்றாம் வகுப்புகளில் பயிலும் மாணவச் செல்வங்களை முன்னிட்டு இவ்வறவுரையை எழுதத் துணிகிறோம். பெற்றோரும் உடனிருந்து படிப்பார்களாக. இதில் சில சொற்கள் அவர்களுக்கும் உரியவை.

தேர்வுகள் முடிந்துவிட்டன. ஜூன் மாதத்தில் பள்ளி திறக்கும் வரையில் கையில் இருப்பவை ஏறத்தாழ நாற்பது நாட்கள். "விடுமுறை தானே, போகட்டும்" என்று நம்மில் பலர் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கம் போன்ற சிற்றூர்களில் நெடுங்காலம் வாழ்ந்தவர்களுக்கோ அந்த நாற்பது நாட்களை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. அதற்கான காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறோம்.

காஞ்சிப் பட்டுக்குப் புகழ் தந்தது கோர்வை என்னும் நெசவு முறையாகும். சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம். இரண்டையும் ஊடை இழைகளால் ஒன்றோடொன்று கோத்து நெய்வதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். தறிக்குழியில் அமர்ந்த நெசவாளர் ஒருவரே அனைத்தையும் செய்ய இயலாது. கரையோரத்தில் துணையாள் ஒருவர் அமர்ந்து நாடாவை வாங்கித் திருப்பிவிட வேண்டும். இந்தத் துணையாள் இடத்தில் பல தலைமுறைகளாக அமர்த்தப்பட்டவர் ஒரு சிறுவன் அல்லது ஒரு சிறுமி. சிறு விரல்களுக்கு அவ்வேலை எளிது என்றார்கள். கூலியும் குறைவு என்பதை மட்டும் சொல்லவில்லை.

அக்குழந்தைகளில் பலர் தறிக்குச் சென்றது கோடையில்தான். "லீவுக்கு மட்டும் தார் சுற்றட்டும்" என்று தொடங்கும். தறி உரிமையாளரிடம் வீட்டார் முன்பணம் பெறுவார்கள். அது திருமணத்துக்கோ மருத்துவத்துக்கோ செலவாகிவிடும். கடன் தீராமல் பிள்ளை எழ முடியாது. ஜூன் மாதத்தில் வகுப்பறைப் பலகையில் ஓர் இடம் வெறுமையாக இருக்கும்.

நம் வாழ்நாளில் மறக்கவியலாத ஒரு பிழையை இங்கே ஒப்புக்கொள்கிறோம். எண்பதுகளில் நம்மிடம் எட்டாம் வகுப்பு முடித்த மாணவி ஒருத்தி இருந்தாள். கணக்கில் விடையை மட்டும் எழுதி, வழியைக் கேட்டால் வாயால் சொல்லுவாள். அவ்வளவு விரைவு. ஒன்பதாம் வகுப்புக்கு அவள் வரவில்லை. வருகைப் பதிவேட்டில் சில வாரங்கள் விடுப்பு என்று குறித்தோம். பிறகு விதிப்படி பெயரை நீக்கினோம். அவள் வீடு பள்ளியிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. கோடை முழுவதும் நாம் ஊரில்தான் இருந்தோம், போகவில்லை. இருபது ஆண்டுகள் கழிந்த பின் காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில் அவளே நம்மை அடையாளம் கண்டு வணங்கினாள். பேச்சின் இடையில் கோபமின்றிச் சொன்னாள்: "மே மாசத்துல ஒரு நாள் நீங்க வந்திருந்தா, அப்பா வாங்கின பணத்தைத் திருப்பிக் குடுத்திருப்பாரு டீச்சர். அப்ப அது அப்படியேதான் இருந்துச்சு." அச்சொல்லுக்கு இன்றும் நம்மிடம் மறுமொழி இல்லை.

பட்டு என்றவுடன் நம் சமூகத்தில் ஒரு தயக்கம் எழுவது இயல்பு. கூட்டுக்குள் இருக்கும் உயிரோடு கொதிநீரில் இட்டு நூல் எடுக்கப்படுவதை எண்ணி, பட்டாடை அணிவதில்லை என்று உறுதி பூண்ட மூதாட்டிகளை நாம் அறிவோம். போற்றத்தக்க உறுதி. ஆனால் புழுவுக்கு இரங்கிய நாம், அதே நூலின் கரையோரத்தில் அமர்ந்திருந்த குழந்தையை எத்தனை முறை எண்ணிப் பார்த்தோம்? நான்கு தானங்களில் அபய தானமும் சாத்திர தானமும் அடுத்தடுத்து எண்ணப்படுகின்றன. அந்தக் குழந்தைக்கு இரண்டும் தேவைப்பட்டன.

நிலைமை அப்படியே நின்றுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1986-இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. 2003-இல் மனித உரிமைக் கண்காணிப்பகம் என்னும் பன்னாட்டு அமைப்பு வெளியிட்ட அறிக்கை, பட்டுத் தொழிலில் கடனுக்குக் கட்டுண்ட குழந்தைகளைப் பற்றிக் காஞ்சிபுரத்தையும் குறிப்பிட்டு உலகுக்கு உரைத்தது. ரைடு போன்ற தொண்டு நிறுவனங்கள் இப்பகுதியில் தறியிலிருந்த பிள்ளைகளை மீட்டு, இணைப்புப் பள்ளிகள் வாயிலாக வகுப்பறைக்குத் திருப்பின. 2010 ஏப்ரல் முதல் நாளன்று நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயது முதல் பதினான்கு வயது வரை கல்வியைக் கட்டாயமாக்கியது. 2016-இல் செய்யப்பட்ட திருத்தம் பதினான்கு வயதுக்குட்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்தக் கூடாது என்றது. ஆயினும் பள்ளி நேரம் போக மீதி நேரத்திலும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலுக்கு உதவலாம் என்று ஒரு விலக்கையும் வைத்தது. விடுமுறை என்னும் அதே சொல் சட்டத்திலும் வந்து அமர்ந்திருப்பதைப் படித்தபோது நமக்குச் சுருக்கென்றது.

மாணவச் செல்வங்களே, இதை உங்களிடம் ஏன் சொல்கிறோம்? உங்களுள் எவரும் தறிக்குப் போகப் போவதில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கட்டாயக் கல்வி என்று சட்டம் உங்கள் கையைப் பிடித்து நடத்துவது பதினான்கு வயது வரையில்தான். ஒன்பதாம் வகுப்பின் வாயிலில் அது கையை விட்டுவிடுகிறது. அதற்கப்பால் நடப்பது உங்கள் சொந்த உறுதியினால் மட்டுமே. சொந்த உறுதிக்கு நம் சமயத்தில் பெயர் உண்டு, அதுவே விரதம். பிறர் சொல்லிச் செய்வது கீழ்ப்படிதல். தானே எல்லை வகுத்துக்கொண்டு தானே காப்பது விரதம்.

இல்லறத்தாருக்கு ஐந்து அணுவிரதங்களும் மூன்று குணவிரதங்களும் நான்கு சிட்சாவிரதங்களும் சொல்லப்பட்டிருப்பதை அறநெறி வகுப்பில் மனப்பாடம் செய்திருப்பீர்கள். சிட்சை என்றால் பயிற்சி. அவற்றுள் தேசாவகாசிகம் என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும், இன்ன எல்லைக்குள் நடப்பேன் என்று வரையறுத்துக்கொள்ளும் விரதம் அது. சமந்தபத்திர ஆசாரியர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இதற்குரிய காலங்களைச் சொல்லும்போது ஆண்டு, மாதம், பட்சம் ஆகியவற்றோடு ருது என்பதையும் சேர்க்கிறார். ருது என்பது பருவம். ஆகவே ஒரு கோடைக்கு மட்டும் விரதம் ஏற்பது நாம் புதிதாகப் புனைந்த கருத்தன்று.

வாழ்நாள் முழுவதும் அதிகாலையில் எழுவேன் என்று சூளுரைத்தால் மூன்றாம் நாள் தோற்பீர்கள். மே முப்பத்தொன்று வரை என்று வையுங்கள். நடக்கும்.

அந்த நாற்பது நாட்களுக்கு எதை எல்லையாக வைப்பது? பத்தாம் வகுப்பு எழுதியவர்களிடம் "என்ன ஆகப் போகிறாய்?" என்று கேட்டால் டாக்டர், என்ஜினீயர் என்று இரண்டே விடைகள். அவ்விரண்டையும் நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அவ்வாறு சொல்லும் பிள்ளைகளுள் பலர் ஒரு மருத்துவமனையில் ஒரு நாள் முழுவதும் நடப்பது என்னவென்று பார்த்ததில்லை. தேர்வு முடிவு வந்த மறுநாளே பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பிரிவு என்று முடிவு செய்ய வேண்டும். மதிப்பெண் இருக்கிறது, பக்கத்து வீட்டுப் பையனும் எடுத்தான் என்று ஒரு பிரிவில் சேர்ந்துவிட்டு, இரண்டு ஆண்டுகள் விருப்பமின்றிச் சுமந்தவர்களை நம் முப்பது ஆண்டுப் பணியில் எத்தனையோ பேரைக் கண்டோம். எனவே இக்கோடையில் நீங்கள் விரும்பும் தொழிலில் இருக்கும் ஒருவரைத் தேடிச் செல்லுங்கள். கணக்காயரோ, செவிலியரோ, வேளாண் அலுவலரோ, நெசவாளரோ எவராயினும் ஆகுக. காலையில் எத்தனை மணிக்குத் தொடங்குகிறார், எதில் சலிப்படைகிறார், எந்தப் படிப்பு வழியாக அங்கு வந்தார் என்று கேளுங்கள். கேட்டதை அன்றே எழுதி வையுங்கள். ஆதிபகவன் மாந்தர்க்குப் போதித்த ஆறு தொழில்களில் கைவினையும் ஒன்று. ஆகையால் பட்டம் பெற்ற தொழிலே தொழில் என்று எண்ண வேண்டா.

அடுத்து, படித்ததை என்ன செய்வது என்பது. நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் நம் சமயத்தார். அவர் பாயிரத்தில் மாணாக்கரைத் தரம் பிரிக்கும்போது முதல் வரிசையில் அன்னத்தோடு பசுவையும் வைக்கிறார். ஏன் பசு? புல் கண்ட இடத்தில் வயிறார மேய்ந்துகொள்ளும். பின்பு ஓரிடத்தில் படுத்து, மேய்ந்ததை மீண்டும் வாய்க்குக் கொணர்ந்து அசைபோடும். பத்து மாதங்கள் மேய்ச்சல் காலம். கோடை அசைபோடும் காலம். ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எபிங்ஹாஸ் என்னும் ஜெர்மானிய அறிஞரைப் பற்றி நமக்குக் கற்பித்தார்கள். பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு விரைவில் மறக்கிறோம் என்று அளந்து 1885-இல் நூலாக வெளியிட்டவர். மறதி முதல் சில நாட்களில்தான் மிக வேகமாக நிகழ்கிறது. இடையிடையே மீட்டுப் பார்த்தால் குறைகிறது என்பது அவர் கண்டது. பவணந்தியார் பசுவைக் கண்டே இதை உணர்ந்தார் என்பதில் நமக்குச் சற்றே பெருமிதம் உண்டு. நாள்தோறும் அரை மணி நேரம், கடந்த ஆண்டில் உங்களைத் தடுக்கி விழச் செய்த பாடம் ஒன்றை மட்டும் எடுத்து அசைபோடுங்கள். போதும்.

பெற்றோர் இவ்விடத்தில் பொறுத்தருள வேண்டும். ஏப்ரலிலேயே அடுத்த ஆண்டுப் பாடத்தைத் தொடங்கிவிடும் தனிவகுப்புகளை நாம் ஏற்பதில்லை. மேய்ந்துகொண்டே இருக்கும் பசு அசைபோடுவது எப்போது?

கைப்பேசியைப் பற்றிப் பேசாமல் விடவும் முடியாது. அனர்த்ததண்ட விரதம் என்பது பயனில்லாத செயலால் வரும் வினையை விலக்குவது. அருங்கலச் செப்பைப் படித்தவர்கள் அதன் வகைகளை அறிவார்கள். தீயனவற்றைக் கேட்டுக்கொண்டிருப்பதும், நோக்கமின்றி மடியோடு காலம் கழிப்பதும் அவற்றுள் அடங்கும். கைப்பேசி வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே அதற்கு விரதம் வகுத்துவிட்டார்கள். வேறென்ன சொல்ல!

பெண் மக்களுக்குத் தனியாக ஒரு சொல். பல வீடுகளில் கோடை வந்தால் ஆண் பிள்ளைக்குக் கிரிக்கெட் மட்டையும் பெண் பிள்ளைக்கு அடுப்படியும் கிடைக்கின்றன. ஸ்ரீபுராணம் சொல்வதென்ன? ஆதிபகவன் தம் புதல்வியரான பிராமிக்கு எழுத்தையும் சுந்தரிக்கு எண்ணையும் கற்பித்தார் என்கிறது. நம் மரபில் கல்வி தொடங்கியதே பெண்களிடமிருந்துதான். வத்தல் பிழிவதை அண்ணன் தம்பியரும் கற்றுக்கொள்ளட்டும். இளமையில் கற்றால் அதுவும் சிட்சையே. அரசுப் பள்ளியில் பயின்று மேற்படிப்புக்குச் செல்லும் மாணவியருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் தொடங்கப்பட்டது. இத்தகைய உதவிகளின் விதிகளைக் கேட்டறிவதும் கோடையில் செய்யத்தக்க வேலை. எட்டாம் வகுப்புக்குச் செல்லும் தம்பி தங்கையர் இருந்தால், தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித் தேர்வுக்கு அவர்களை இப்போதே பழக்குங்கள்.

அகளங்கர், நிகளங்கர் வரலாற்றை நீங்கள் கேட்டிருப்பீர்கள். காஞ்சியில் வாதில் வென்றவர் என்றும், காஞ்சிக்குத் தெற்கேயுள்ள கரந்தை, திருப்பறம்பூர்ப் பகுதியோடு தொடர்புடையவர் என்றும் அகளங்கரை நம் மரபு போற்றுகிறது. உடன்பிறந்த இருவரும் தம் சமயத்தை மறைத்துப் பிறர் மடத்தில் கல்வி கற்றனர். உண்மை வெளிப்பட்டுத் துரத்தப்பட்டபோது தம்பி நிகளங்கர் என்ன சொன்னார்? "அண்ணா, நீங்கள் ஒருமுறை கேட்டால் மனத்தில் இருத்துவீர்கள், எனக்கு இருமுறை வேண்டும். பிழைக்க வேண்டியவர் நீங்களே" என்று கூறித் தம் உயிரை ஈந்தார் என்பது கதை. உபதேசிகள் எல்லோரும் அகளங்கரின் அறிவை வியந்து பேசுவார்கள். நமக்கோ நிகளங்கரிடமே மனம் நிற்கிறது. அந்தத் தறிக்காரப் பெண்ணுக்கு ஒரு தம்பி இருந்தான். அவன் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தான் என்று பேருந்து நிலையத்தில் அவளே மகிழ்ந்து சொன்னாள். அவள் முன்பணத்தில்தான் படித்தான் என்பதை நாம் கேட்டறிய வேண்டியிருந்தது.

உங்கள் கோடைக்கும் எங்கோ ஒரு நிகளங்கர் இருப்பார். நெல் விற்ற பணத்தில் பாதியை எடுத்து வைத்த தந்தையாக இருக்கலாம்; படிப்பை நிறுத்திக்கொண்ட அத்தையாக இருக்கலாம். யாரென்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள். அதுவும் விரதத்தில் சேரட்டும்.

நாற்பது நாட்களில் பத்து நாட்களையாவது பிறருக்குக் கொடுங்கள். ஸ்வாத்தியாயத்தின் ஐந்து வகைகளில் படித்தல், வினவுதல், சிந்தித்தல், ஓதிப் பழகுதல் ஆகிய நான்குக்குப் பின்பே அறமுரைத்தல் வைக்கப்பட்டுள்ளது. தான் கற்றதை இன்னொருவர்க்குச் சொல்லும்போதுதான் கல்வி நிறைவுறுகிறது. உங்கள் தெருவில் பின்னங்களில் தடுமாறும் பிள்ளை ஒருவன் இருப்பான். அவன் எச்சமயத்தவன் என்று கேளாமல் அழைத்து அமர்த்துங்கள். சாத்திர தானத்துக்குச் சாத்திரி ஆக வேண்டியதில்லை.

முசரவாக்கத்தில் நம் திண்ணை மே மாதம் முழுவதும் காலை ஆறரை மணி முதல் எட்டரை மணி வரை திறந்திருக்கும். ஞாயிறுதோறும் திருப்பருத்திக்குன்றம் செல்வோம். திரைலோக்கியநாதர் ஆலயத்துச் சங்கீத மண்டபம் 1387-88-இல் விஜயநகர அமைச்சர் இருகப்பர் கட்டுவித்தது. அதன் விதானத்தில் ஆதிநாதர் வரலாறு ஓவியமாக உள்ளது. அண்ணாந்து பார்த்துக் காட்சிகளை வரிசையாகக் குறித்து வருவது மூத்த மாணவர் பணி. இளையோர்க்குக் கதை சொல்வதும் அவர்களே. வருவோர் கோடிட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றும் குடிநீரும் கொண்டு வருக. சென்ற ஆண்டு வகுப்பில் அருகில் அமர்ந்திருந்து இப்போது கண்ணில் படாத தோழனோ தோழியோ எவரேனும் இருந்தால், முதல் நாளே அப்பெயரை நம்மிடம் சொல்லுங்கள். அன்று மாலையே அவ்வீட்டுக்கு உங்களோடு வருகிறோம்.